வதனாவைப் பார்க்க வந்தவர்கள்

குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டி என் வலக்காலை வைக்க முடியாமற் போனதுதான் முதல் அறிகுறி. மகளைக் குளிக்க வார்க்க நானும் தொட்டிக்குள் இறங்கவேண்டும். அன்று கால் எழும்பவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தேன். வதனா அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்படித்தான் கையால் காலைத் தூக்கி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

வதனா என் ஒரே பிள்ளை. அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதித்ததால் மூளைக்குக் காற்றுப் போகவில்லை. இடக்கை மடங்கியபடி இறுகியிருக்கும். இடைக்கிடை வலிப்பு வரும். பத்துப் பன்னிரண்டு சொல் பேசுவாள். அவளுடைய தகப்பன் காலமானபின் ஜெர்மனியின் எசன் நகரத்தில் இரண்டாம் மாடி வீடொன்றில் நானும் அவளுமாக இருக்கிறோம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துப் பார்க்கிற எங்கள் சனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துப் பிழைகளை என் தம்பியின் மகள் சுகந்தி திருத்தித் தந்தாள். மற்றதெல்லாம் என்னுடையது.

கடைசியில் போய்க் காட்டியபோது, எலும்பு வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கொக்சார்த்ரோசெ (இடுப்பு மூட்டுத் தேய்வு). பந்தும் கிண்ணமும்போல இருக்கவேண்டிய மூட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது, புது மூட்டு வைக்கவேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை (வாரம்), பிறகு ரேஹா (உடலைப் பழக்கும் நிலையம்) மூன்று கிழமை.

"மாமி, உங்களை ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறார்" என்றாள் சுகந்தி. அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பு. வயது நாற்பது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை.

"என்னை ஆர் பாக்கவேணும்? வதனாவை ஆர் பாக்கிறது எண்டு நீ அவரைக் கேள்."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதற்குச் சட்டம் இருக்கிறது என்றார்.

சட்டத்தை எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன். எங்கள் நோய்க் காப்புறுதியோடு பராமரிப்புக் காப்புறுதியும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஒருவரைப் பார்க்கிறவருக்கு வருத்தம் வந்தாலோ ஓய்வு தேவைப்பட்டாலோ, பார்க்கப்படுகிறவரை வருடத்தில் நாலு கிழமை ஓர் இல்லத்தில் தங்கவைக்கலாம். பராமரிப்புச் செலவைக் காப்புறுதி கொடுக்கும். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள பங்கை நாங்கள் கட்டவேண்டும். ஆனால் இதெல்லாம் கிடைக்க முதலில் பிள்ளைக்குப் பராமரிப்புப் படி (எவ்வளவு உதவி தேவை என்ற தரம்) தந்திருக்கவேண்டும். மூன்று படிகள் உண்டு. வதனாவுக்கு ஒன்றுமே இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் நாங்கள் கேட்டதேயில்லை. என் பிள்ளையை நான் பார்க்கிறேன், இதற்கு ஏன் ஒருவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

விண்ணப்பம் போட்டோம். மதிப்பிட ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று நாள் குறித்துக் கடிதம் வந்தது.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும்.

அந்த நாளுக்காக இரண்டு நாள் வீட்டைத் துடைத்தேன். விடிய எழும்பி வதனாவை முழுக வார்த்து, தலை பின்னி, என் பச்சைப் பட்டுச் சேலையை உடுத்திவிட்டேன். சங்கிலி, தோடு, பொட்டு. இறுகிய கையைச் சேலைத் தலைப்பால் மூடினேன். காலையுணவை முன்னதாகவே என் கையால் தீத்தி, வாயைத் துடைத்து, நல்ல கதிரையில் இருத்தினேன். வருகிறவர்களுடைய செருப்பை எடுத்து ஒளித்துவைப்பது அவளுடைய பழக்கம். போகவிடாமல் மறிக்கத்தான். ஆகவே எல்லாச் செருப்பையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பருப்பு வடையும் சுட்டேன்.

வந்தவர் ஒரு தாதி. மரியாதையான பெண். வடை இரண்டு சாப்பிட்டார். வதனா கதிரையில் இருந்து அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"தானாச் சாப்பிடுவாவோ எண்டு கேக்கிறா, மாமி."

"ஓம் எண்டு சொல்லு."

சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"சொல்லு எண்டெல்லே சொல்லுறன்."

முகம் கழுவுவாளா? ஓம். இரவில் நித்திரை கொள்வாளா? ஓம், நல்ல நித்திரை. உடுப்பு? சாடையாய் உதவி செய்வேன், அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. சுகந்தி குசினி அடுப்படியில் நின்றபடி வாசித்தாள். நன்கு பராமரிக்கப்பட்ட தோற்றம். தாமாக உண்பார். இரவில் உதவி தேவையில்லை. ஆகவே படி இல்லை.

கடிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமி, நீங்கள் பொம்பிளை பாக்க வந்தவைக்குச் சொல்லுற மாதிரியெல்லே சொல்லியிருக்கிறியள்."

எனக்கு உடனே கோபம் வந்தது. பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. என் தங்கைமாரின் பெண்களையெல்லாம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சேலை உடுத்தி, பலகாரம் சுட்டு, குறையை மறைத்து, கேட்டதற்கெல்லாம் ஓம் சொன்ன வீடுகள் அவை. வதனாவைப் பார்க்கவென்று ஒருவரும் வந்ததில்லை. அந்தத் தாதிதான் முதலாவது ஆள்.

சுகந்தி என் தோளில் கை வைத்தாள். "அழாதேங்கோ மாமி. மாப்பிளை வீட்டார் வேண்டாம் எண்டிட்டினம், வேறையென்ன."

இரண்டு பேரும் சிரித்தோம். வதனாவும் வந்து எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

மறுப்புக் கடிதம் வந்து ஒரு மாதத்துக்குள் வீடர்ஸ்ப்ருக் (எதிர்ப்பு மனு) எழுதலாம். அந்த ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள். அதோடு ஒரு குறிப்பேடும் எழுதச் சொன்னார்கள். கழுவுவது, தீத்துவது, எழுப்பி நடத்துவது, எல்லாவற்றுக்கும் எத்தனை நிமிடம் என்று. சும்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதற்குக் கணக்கு இல்லை. என் நாள் முழுக்க அப்படித்தானே போகிறது, அதை எங்கே எழுத என்று கேட்டேன். அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை என்றாள் சுகந்தி.

குசினி மணிக்கூட்டைக் கழற்றிக் குளியலறையில் மாட்டினேன். பல் தீட்டப் பதினொரு நிமிடம். காலைச் சாப்பாடு நாற்பது. இரவில் நாலு முறை எழும்பியிருக்கிறேன். முன்பு யாராவது கேட்டிருந்தால் ஒரு முறை என்றுதான் சொல்லியிருப்பேன், பொய்யென்று தெரியாமலே.

இடுப்பு இதற்கிடையில் மோசமாகியது. மாடிப்படியில் குந்திக் குந்தி இறங்கினேன். ஒருநாள் வதனாவுக்கு வலிப்பு வந்தபோது குனிந்து தாங்க ஏலாமல் நானும் அவளோடு நிலத்தில் விழுந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை இப்படி விழுந்தால் யாருடைய எலும்பு முறியும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னைவிட்டுப் போகவில்லை. அவளை யாரிடமாவது விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

இரண்டாவது மதிப்பீட்டுக்கு வேறொரு பெண் வந்தார். உயரம், நரைத்த தலை. காலை ஏழு மணிக்கு வரச்சொல்லிச் சுகந்தி கேட்டிருந்தாள். நான் வீட்டுச் சட்டையோடு நின்றேன். வதனா இரவு நனைத்த உடுப்போடு கட்டிலில் இருந்தாள். வடை சுடவில்லை. வந்த ஆளுக்கு வெறுந்தேத்தண்ணீர் மட்டும் கொடுத்தது இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

முதல்நாள் இரவே சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். "பிள்ளையை முன்னாலை வைச்சுக்கொண்டு, அவளுக்கு அது ஏலாது, இது ஏலாது எண்டு என்ரை வாயாலை சொல்ல மாட்டன். அவளுக்கு எல்லாம் விளங்கும்." சுகந்தி அதை அப்படியே அந்த அம்மாவிடம் மொழிபெயர்த்தாள்.

அவர் பையிலிருந்து எழுதும் கொப்பியை எடுத்தார். சொல்லவேண்டாம், வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றார்.

குளியலறை வாசலில் கொப்பியோடு நின்றார். நான் உடுப்புக் கழற்றினேன், காலைக் கையால் தூக்கித் தொட்டிக்குள் வைத்தேன், கழுவினேன், துடைத்தேன். பல் தீட்டும்போது வதனா கடிப்பாள். தாடையின் கீழ் பெருவிரலை வைத்து, காதடியில் மெல்லத் தடவினால் வாய் திறக்கும்.

"இப்படிப் பிடிக்க ஆர் காட்டித் தந்தது எண்டு கேக்கிறா, மாமி."

"வதனாதான் எண்டு சொல்லு. வேறை ஆருக்குத் தெரியும்?"

அவர் எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு, கிட்ட வந்து என் பெருவிரலைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தபின், வதனா தானாக என்ன செய்வார் என்று கடைசியாகக் கேட்டார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அந்த அம்மா எழும்பிப் போய் வாசலில் தன் சப்பாத்தைத் தேடினார். ஒன்றுதான் இருந்தது. மற்றதை நாங்கள் மூவரும் கால் மணி நேரம் தேடினோம். சலவை இயந்திரத்துக்குள் இருந்தது. அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இதையும் எழுதுகிறேன் என்றார். எழுதினாரோ தெரியாது.

இரண்டாம் படி கிடைத்தது.

அடுத்த சிக்கல் இடம். நாலு கிழமைக்கு முதலில் காட்டியது ஒரு முதியோர் இல்லத்தை. எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் ஒன்றைச் சுகந்தி கண்டுபிடித்தாள். அங்கே வதனா வயதுக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் குறுங்காலப் பராமரிப்பு என்ற பெயரில் அந்த இல்லத்துக்குப் பணம் வராது என்று காப்புறுதிக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். நாங்கள் விட்டுவிடப் பார்த்தோம். அந்த இல்லத்திலேயே ஒரு பெண், உதவியின் பெயரை மாற்றி விண்ணப்பியுங்கள் என்றார். மாற்றுப் பராமரிப்பு (வழமையாகப் பார்க்கிறவருக்கு இயலாதபோது இன்னொருவர் பார்ப்பது) என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கும் வருடத்துக்கு நாலு கிழமை. அதை இப்படியான இல்லத்தில் பாவிக்கலாம். இரண்டும் வெவ்வேறு. ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதைக் கேளுங்கள்.

அதற்கு ஒரு நிபந்தனை, அதற்குமுன் ஒரு வருடமாவது வீட்டில் பார்த்திருக்கவேண்டும். இப்போது ஆறு மாதமாகக் குறைத்துவிட்டார்களாம். படிவத்தில் 'எப்போதிலிருந்து' என்று ஒரு கோடு இருந்தது. சுகந்தி பேனையோடு காத்திருந்தாள். வதனா பிறந்த திகதியைச் சொன்னேன். அதையே எழுதினாள்.

இல்லத்தில் விட்ட அன்று நடந்ததை அதிகம் எழுத மாட்டேன். என் இரண்டு செருப்பையும் அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள். காலுறையோடு காருக்குப் போனேன்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் சுகந்தி வந்தாள்.

"அழுதவளோ?"

"அழுதவ, மாமி. பொய் சொல்லேலாது. ரெண்டு நாள் ஒண்டும் சாப்பிடேல்லை. இண்டைக்குப் புட்டுக் கொண்டுபோய்த் தீத்தினனான். சாப்பிட்டவ."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். திரும்பக்கூடாது என்று தாதி ஓடிவந்தார்.

அந்தத் தாதிதான் என்னைக் கழுவினார். என்னை இன்னொருவர் கழுவியது என் அம்மாவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கெட்டிக்காரி, ஆனால் ஒன்றும் சொல்லாமல் தொடுவார். ஈரத்துணி எங்கே படப்போகிறதென்று தெரியாமல் உடம்பு ஒவ்வொரு முறையும் துள்ளியது. வதனா பல் தீட்டும்போது ஏன் கடிக்கிறாள் என்று அந்தக் கட்டிலில் கிடந்துதான் அறிந்தேன். இப்போதெல்லாம் தொடமுன் சொல்கிறேன். "இப்ப கால் கழுவப்போறன். இப்ப வாய்." முன்புபோல் அவ்வளவு கடிப்பதில்லை.

ரேஹாவுக்குப் போனபின் இல்லத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். வதனாவிடம் கொடுத்தார்கள். பின்னால் பாட்டுச் சத்தம், ஆட்கள் கைதட்டும் சத்தம். "அம்மா" என்றாள். பிறகு "வேண்டாம்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சொல் எனக்குப் புது மூட்டைவிட வலித்தது. அன்று இரவுதான் முதல் தடவையாக விடியும்வரை நித்திரை கொண்டேன்.

ஐந்தாவது கிழமை சுகந்தி விடுப்பெடுத்து அவளைப் பார்த்தாள். நான் இரண்டு ஊன்றுகோலோடு வீடு திரும்பினேன்.

அந்த நாலு கிழமை ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும். பாவிக்காவிட்டால் வருட முடிவோடு போய்விடும், அடுத்ததோடு சேராது. மறுவருடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லாததால் அது எனக்குரியதல்ல என்று இருந்தேன். காரணம் கேட்கும் இடத்தில் விடுமுறை என்றும் ஒரு பெட்டி இருக்கிறது என்று சுகந்தி காட்டினாள்.

"எனக்கென்ன லீவு? நான் என்ன கந்தோர் வேலைக்கோ போறன்?"

"மாமி, பெட்டிக்குள்ளை புள்ளடியைப் போடுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

போட்டேன். எட்டு நாள் மட்டும் என்று.

முதல் நாலு நாளும் பழக்கப்படி இரவில் நாலு முறை எழும்பி வெறுங்கட்டிலைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். ஐந்தாம் நாள் இரண்டு முறை. ஏழாம் நாள் இல்லத்திலிருந்து தொலைபேசி எடுத்து, நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப்போக வருகிறீர்கள் என்று கேட்டார்கள். காலை எட்டு மணி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை பஸ் எடுத்து ஆற்றங்கரைக்குப் போனேன். ஊன்றுகோல் இல்லை. இடுப்பு நோகவில்லை. யாரையும் பிடித்து நடத்தவேண்டி இல்லாததால் என் வலக்கைக்கு வேலையில்லை. வீசி நடந்தால் அது வேறு யாருடையதோ போல இருந்தது. கட்டிக்கொண்டு நடக்கவும் சரிவரவில்லை. கடைசியில் கோட்டுப் பைக்குள் வைத்தேன். உள்ளே சூடாக இருந்தது. மெல்ல நடந்தேன், இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.