புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

இட ஒதுக்கீடு கேட்டு சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. பஸ் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை வரை சைக்கிள் பந்தயம் விடுகிற எங்கள் மூவருக்கும் காலிச் சாலையைவிட வேறென்ன வேண்டும்? கடைசியில் வருபவன், ஜெயித்தவனின் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பெரும்பாலும் செல்வத்தின் சைக்கிளை நானோ பஷீரோதான் துடைத்தோம்.

அன்றும் செல்வம் எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டான். கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்பு சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கோடரியோடு நின்றவர்கள் எங்களை நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியும். நாங்கள் இருவரும் அவர்கள் சாதியில்லை. செல்வம் மட்டும் அவர்கள் சாதி. ஆனாலும் அவன் போகாமல் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"உன்னத்தான் அப்பவே போவச் சொன்னமே. இன்னாத்துக்கு இங்கயே குந்திக்கினு கீற?" என்று அவனிடம் கேட்டார் ஒருவர்.

"இவனுங்க வராம நான் யாரண்ணே ஜெயிக்கிறது?" என்றான் செல்வம்.

அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார். பஷீரின் சைக்கிளை இன்னொருவர் தூக்கினார்.

எங்கள் சக்கரங்கள் தரையைத் தொட்டதும் செல்வம் ஏறி மிதித்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அணையில் அவன் சைக்கிளை நான்தான் துடைத்தேன்.

"செயினுக்கு ஜாஸ்தி ஊத்தாதடா" என்றான்.

பிற்பாடு எனக்கு விட்டுக்கொடுத்தவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். எனக்காகக் காத்திருந்து, அதன்பிறகு என்னைத் தோற்கடித்தவன் அவன் ஒருவன்தான்.