குறுக்கு விசாரணை

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் டாக்டர் முதலில் கூட வந்தவரின் முகத்தை ஒரு நோட்டம் விடுகிறார். அப்புறம்தான் படுக்கையில் இருக்கும் பெரியவர். அவர் நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து எண்ணுகிறார். "தினமும் ஒண்ணு, தவறாம போடறேன்னீங்க. திங்கக்கிழமை பிரிச்ச அட்டை, இன்னிக்கு வெள்ளி. பத்துல எட்டு அப்படியே இருக்கே, எப்படி?" பெரியவர் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இவருக்கு நர்சுகள் வைத்திருக்கும் பெயர் 'குறுக்கு விசாரணை'. அது அவருக்கும் தெரியும். நாற்பத்தைந்து வயது, ஒட்ட வெட்டிய முடி, காலில் சத்தமே வராத ரப்பர் செருப்பு. "டக்கு டக்குன்னு நடந்து வந்தா, நான் வர்றதுக்குள்ள முகத்த மாத்திக்கறாங்க" என்றார், ஏன் இந்தச் செருப்பு என்று கேட்டதற்கு.

மனுஷரை மட்டுமில்லை, எதையுமே நம்புவதில்லை. தலைமாட்டில் இருக்கும் கருவி நாடித்துடிப்பைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருக்கும். இவர் மணிக்கட்டைப் பிடித்துத் தனியாக எண்ணுவார். "மிஷின் சரியான்னு மிஷின்கிட்டயே கேட்டா, அது ஆமான்னுதான் சொல்லும்." தானே சமைத்துக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். வீட்டில் இவருடைய கணவர் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ! கேட்டேவிட்டேன். "அவரும் என்னை நம்பறதில்ல. சரியாப் போச்சு" என்றார், சிரிக்காமல்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பத்திரிகைக்காரன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறானே என்று வித்தை காட்டுகிறாரோ என்ற சந்தேகம் முதல் நாள் முழுக்க என்னை அரித்தது. இரண்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். அதே ரப்பர் செருப்பு, அதே எண்ணிக்கை. "தூணுக்குப் பின்னால நிக்கறவர் உட்காரலாம்" என்று திரும்பாமலே சொன்னார். மானம் போயிற்று.

டாக்டரின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்து முடித்த லிஃப்டில் முதலில் தான் மட்டும் ஏறி, மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவாராம். கட்டடத்து முதலாளி கடுகடுத்தாலும் அசைய மாட்டார். மகளுக்கு அந்தப் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. படிப்பில் சுமார்தான், இரண்டு தடவை நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டவர் என்பதை அவரே சொன்னார். மூன்றாவது தடவை தேறியபோதும் பட்டியலில் இருப்பது தன் எண்தானா என்று நாலு நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தாராம்.

எல்லா டாக்டரும் "என்ன பண்ணுது?" என்று ஆரம்பிப்பார்கள். இவர் கேட்பது வேறு: "இன்னிக்கு வழக்கமா செய்யறதுல எத செய்யாம விட்டீங்க?" ஏன் இப்படி என்று மூத்த நர்சு தனியாகச் சொன்னார். டாக்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையற்காரர் நெஞ்செரிச்சல் என்று வந்தாராம். சிரிக்கச் சிரிக்கப் பேசியிருக்கிறார். டாக்டரும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. "காலைல இருந்து தையல் மிஷின்லயே உட்காரல டாக்டர், அத நாங்க பெருசா எடுத்துக்கல" என்று அழுதிருக்கிறாள் மகள். "வலிய மறைக்கத் தெரியுது. விட்டுப்போன வேலைய மறைக்கணும்னு யாருக்கும் தோணறதில்ல" என்றார் நர்சு. அது டாக்டரின் வாக்கியம் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பள்ளி வேன் டிரைவர் வந்தார், மனைவியோடு. ஐம்பது வயதிருக்கும். நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருந்ததாம். இசிஜி சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் சரி. "வெறும் வாயுதாம்மா. இவதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. மூணரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும், பதினாலு பிள்ளைங்க நிக்கும்" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"காலைல எத செய்யாம விட்டீங்க, அண்ணா?"

"எதையும் விடல."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள், அவர் முறைத்தார். "வண்டியத் துடைக்கல டாக்டர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "பதினெட்டு வருஷமா துடைக்காம எடுத்ததே இல்ல. நாலு நாளா துடைக்கல."

"ஏண்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? இதய நோயின்னு ஒரு தாள்ல எழுதிட்டாங்கன்னா பள்ளிக்கூடத்துல சாவிய வாங்கிடுவாங்க. அப்புறம் வேற எவன் வேலை குடுப்பான்?"

எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கமும் டாக்டர் மேல் கோபமும் ஒருசேர வந்தன. இரண்டு பரிசோதனையும் சரி என்கின்றன. இவர் துடைக்காத வேனைப் பிடித்துத் தொங்குகிறாரே! ஒரு சந்தேகத்துக்காக ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? நர்சிடம் முணுமுணுத்தேன்.

"உங்களக் கட்டிப்போட முடியாது" என்றார் டாக்டர். "என் பொறுப்புல போறேன்னு கையெழுத்துப் போட்டா போகலாம். ஆனா இன்னும் ஒரே ஒரு இசிஜி. சரியா இருந்தா நான் நினைச்சது தப்புன்னு எழுதிக் குடுத்து வாசல் வரைக்கும் வந்து அனுப்பறேன். வண்டி ஓடிட்டிருக்கும்போது அடைச்சா, பின்னால பதினாலு பேரு. அத மட்டும் யோசிங்க."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பது. "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிக் கழுத்துவரை போட்டிருந்த பொத்தான்களை வேண்டாவெறுப்பாக அவிழ்த்தார். போகிற அவசரம், ஷூவோடேயே படுத்துக்கொண்டார். அவர் நெற்றி ஈரமாக இருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

நர்சு பட்டைகளைப் பொருத்தினார். கருவி கரகரவென்று தாளைத் துப்ப ஆரம்பித்தது. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தாள்தான் வந்திருக்கும்.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் டிரைவர்.

டாக்டர் நர்சைப் பார்த்து ஒருதரம் தலையசைத்தார். நர்சு ஓட்டமாகத் தொலைபேசிப் பக்கம் போனார். டாக்டர் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து, தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, டிரைவரின் ஷூ நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இரண்டு ஷூக்களையும் கழற்றி, சேர்த்துப் பிடித்து, அவர் மனைவியின் கையில் கொடுத்தார்.