தறியை நிறுத்தச் சொன்னேன்

"நீங்க வேலைக்கு வந்துட்டா குழந்தையை யார் பாத்துப்பாங்க?" இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீட்டிலேயே இருந்ததில் எல்லாம் மறந்துபோயிருக்குமோ என்று பயம். நேர்காணலின் முதல் சுற்றை ஒரு மேடம் வீடியோ காலில் எடுப்பார் என்றார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அரிசி களையும்போதும் வாய்க்குள் ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பா தூங்கியதும் கணவர் பாயில் உட்கார்ந்து அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்பார். ஒரு நாள் நான் திணறியதைப் பார்த்து, "நான் கேக்கறதுக்கே இப்படித் திக்குற. அந்த மேடம் கேட்டா மயக்கம் போட்டுருவ போல இருக்குதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவருடைய தறி. காலையில் தொடங்கினால் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். அந்தச் சத்தம் போனில் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தவித்தேன். அவர் பிழைப்பை நிறுத்தச் சொல்ல நான் யார் என்றும் தோன்றியது. கடைசியில் போய்க் கேட்டேன். உடனே சரி என்றார்.

நேர்காணல் அன்று காலை பாப்பாவைத் தூங்கவைத்து, கதவைச் சாத்தி, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். தறி நின்றது. மேடம் திரையில் வந்தார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளறையில் பாப்பா வீறிட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து பகலில் அவள் தறிச் சத்தத்தில்தான் தூங்குகிறாள். மத்தியானம் தறி நின்றதும் அவள் எழுவதைப் பசி என்றே நினைத்திருந்தேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் உள்ளறைக் கதவைத்தான் திரும்பிப் பார்த்தேன். அழுகை அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தறி மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பாப்பா அடங்கினாள். அது என்ன சத்தம் என்று மேடம் கேட்டார். தறி என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மற்ற கேள்விகளையும் கேட்டு முடித்து, "திங்கட்கிழமை நேர்ல வாங்க. குழந்தை விஷயத்துல ஒரு முடிவோட வாங்க" என்றார்.

மாமியார் மாகறலில் இருக்கிறார். முட்டி வலி, தவழும் குழந்தை பின்னால் ஓட முடியாது. கணவர் கடைக்குப் போயாக வேண்டும். கம்பெனி பக்கத்தில் காப்பகம் இருக்கிறதாம். அங்கே தறி ஏது? அக்காதான், "என்னாண்ட உட்டுட்டுப் போம்மா. தறி ஓடிக்கினு இருந்தா அது பாட்டுக்குத் தூங்கிக்கினு இருக்கும்" என்றார்.

தூங்கும்வரை சரி. விழித்தால்? அக்கா காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழி தரையோடு தரையாகத் திறந்து கிடக்கிறது. சேலையை முடிக்கும் மும்முரத்தில் அவர் ஒரு நிமிடம் திரும்பாமல் இருந்துவிட்டால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாமல் விடவும் பயம்.

கைக்குழந்தையை விட்டு வேலைக்குப் போன அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், திங்கட்கிழமை நான் என்ன சொல்லலாம் என்று எழுதுங்கள். அக்கா மனம் நோகாமல் அந்தக் குழியைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும் சொல்லுங்கள்.