சலேகா என்றால் ஓடும்

அலுவலக முன்பணத்தில் வாங்கிய சைக்கிளை மாற்றிப் புதிது வாங்க மறுபடி முன்பணம் கேட்பதானால், பழையது இனி உதவாது என்று தொழில் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். பிற்காலத்தில் நானும் இதே ரக விதிகளை மற்றவர்கள் மீது ஏவிப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. தொழில் தெரிந்தவர் எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அது குறிப்பிடவில்லை.

அப்பா பம்பாயில் மாட்டுங்காவிலிருந்து வடாலாவுக்கு அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். முன்பாரில் என்னை உட்காரவைத்து வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். செயின் நினைத்தபோது கழன்றுகொள்ளும். பிரேக் மனம் வைத்தால் பிடிக்கும். ஒரு மழைக்காலக் காலையில் கிங்ஸ் சர்க்கிளில் அது மனம் வைக்கவில்லை. நாங்கள் இருவரும் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி பஸ் நின்றது. அன்றிலிருந்து அப்பாவின் தலை தெருமுனையில் தெரியும்வரை அம்மா பால்கனியை விட்டு நகரமாட்டாள்.

"ரிப்பேரோ புதுசோ, எதையாவது ஒண்ணைப் பண்ணுங்கோ. நடுவுல என் உயிர் போறது."

அப்பா முறைப்படி செய்தார். சைக்கிள் கடை வைத்திருந்த வடக்கத்திக்காரர் பையாவிடம் போய், பரீட்சை எழுதித் தேறிய சுத்த இந்தியில் கேட்டார்: பழுதுபார்க்கலாமா, புதிது வாங்கலாமா? பையா டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "சலேகா, சாப்."

அப்பாவின் பாடப்புத்தகத்தில் அதற்கு 'ஓடும்' என்று பொருள். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். எங்களோடு தங்கி காட்கோபருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்திம்பேர், எதுவானாலும் சரிங்கறான் அவன். ஓடும்னு எங்கே சொன்னான்?"

"ஒரு வினைச்சொல்லுக்கு பம்பாய்ல தனி இலக்கணமாடா?"

"வேணும்னா இவனைக் கேளுங்கோ. நாள் பூரா தெருவுல இந்தி பேசறவன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உடைந்த மட்டையோடு ஆடலாமா என்றால் சலேகா. பொம்மை ரயில் ஓடுமா என்றாலும் சலேகா. "ரெண்டும்தான்" என்றேன். நம்பத்தகாத சாட்சி என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓடும் சைக்கிளுக்கு மாற்று கிடையாது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பையாவிடம் போனாள். காய்கறி மார்க்கெட்டில் கற்ற இந்தியில் கேட்டாள்: "இஸ்பர் மேரா பச்சா பைட்டேகா, சலேகா?" இதில் என் பிள்ளை உட்காரலாமா என்று கேட்டதும் பையா முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நஹி சலேகா, பாயி." கூடாதம்மா, என்று.

அப்பா இப்போது 'ஓடாது' என்று எழுதினார். உடனே கேள்வி வந்தது: ஓடாத சைக்கிளில் தினமும் எப்படி வருகிறீர்? எந்நேரமும் பார்வையிட ஆள் வரலாம். விண்ணப்பித்த நிலையிலேயே அது அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆக, ரிப்பேர் பார்க்கக் கூடாது, ஏறக் கூடாது, வீட்டில் விட்டுவிட்டும் போகக் கூடாது. அப்பா அதைத் தள்ளிக்கொண்டே வடாலா போனார், தள்ளிக்கொண்டே திரும்பினார். காலையில் பள்ளிக்கூடம்வரை நானும் பக்கத்தில் நடந்தேன். சைக்கிள் இருக்க ஏன் நடக்கிறோம் என்று கேட்டால், "அது பரிசீலனையில இருக்குடா" என்பார்.

"நன்னா வாக்கிங் கூட்டிண்டு போறேள், அத்திம்பேர்" என்பார் மாமா.

அப்பா நடக்கத் தொடங்கியதிலிருந்து அம்மா பால்கனியில் நிற்பதை விட்டுவிட்டாள். பதில் வந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவசரப்பட்டவளே கேட்காமல் இருந்தது எனக்குப் புரியவில்லை.

ஒருவழியாக அனுமதி வந்தது, அந்த நிதியாண்டுக்குள்ளேயே வாங்கிவிட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அலுவலகத்திலிருந்து அதைக் கொண்டுவந்த அப்பா, திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா பாயசம் வைத்தாள். புது சைக்கிள் வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்து, நான் டம்ளரை நீட்டி இன்னும் கேட்டேன். அன்று மார்ச் முப்பத்தொன்று, சாயங்காலம்.