சுண்டுவிரல் முதலில் ஏறட்டும்

வீடு வீடாகப் போய் கிட்டார் சொல்லிக்கொடுப்பது என்பது, விரல் வலிக்கிறது என்று புலம்பும் பெரியவர்களிடம் "எனக்கும் வலித்தது" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் தொழில். சேலையூரில் ஸ்கூட்டரைக் கிளப்பினால் நாவலூர், படப்பை, காட்டாங்குளத்தூர் என்று வாரம் முழுவதும் சுற்று. என்னைப் போலவே விரல் நுனி காய்த்துப்போய், சூடான டம்ளரைத் தொட்டால்கூட உறைக்காத சக பாவிகளுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குக் கீழே ஒரு எழுத்து

நாவலூர் அடுக்ககத்தில் பிரகாஷ் என்று ஒரு மாணவர். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், நாற்பது வயது. எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். பொங்கல் விழாவில் அவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வாசிப்பதாகவும், நான் முன்னால் உட்கார்ந்து நடத்துவதாகவும் அவரே முடிவு செய்து, அறிவிப்புப் பலகையில் என் பெயரையும் ஒட்டிவிட்டார். விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்த பாட்டில் ஓர் இடத்தில் 'ஏ மைனர்' கார்டு, சில சுரங்களை ஒரே பிடியில் சேர்த்து ஒலிப்பது. அடுத்து 'ஏ மைனர் ஸ்லாஷ் ஜி', பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு, அதன் கீழே ஜி. அதாவது மேலே அதே ஏ மைனர்தான், அடியில் ஒலிக்கும் தடித்த சுரம் மட்டும் ஒரு படி இறங்கி ஜி ஆகும். அந்த இறக்கம்தான் அந்தப் பாட்டுக்கு உயிர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வராது. பதினான்கு வருஷம் கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசித்தவள் நான். பக்கத்தில் பேஸ் கிட்டார்காரர் ஒருவர் எப்போதும் நிற்பார். அடிச்சுரம் அவர் பாடு. நான் வெறும் ஏ மைனரை வைத்தே காலம் தள்ளிவிட்டேன். மாணவர்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். பிரகாஷிடமும் வழக்கம்போல, "கோட்டுக்குக் கீழே இருக்கிற எழுத்தைக் கண்டுக்காதீங்க, அது பேஸ்காரங்க வேலை" என்றேன். அவர் ஹாலைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்போ நம்ம வீட்ல பேஸ் வாசிக்கிறது யாரு மேடம்?" என்றார்.

கீழ்வீட்டு விமரிசகர்

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். ஏ மைனருக்கு மூன்று விரல் போதும். சுண்டுவிரல் சும்மாதான் இருக்கும், என் கையில் அது பல வருஷமாக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதை எழுப்பி, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த தந்திக்கு, மூன்றாவது கட்டம் வரைக்கும் நீட்ட வேண்டும். கூடவே, அதே விரலின் சதையால் பக்கத்துத் தந்தியைச் சத்தம் வராமல் அமுக்கவும் வேண்டும். சுண்டுவிரல் போய்ச் சேருவதற்குள் மற்ற மூன்றும் இடம் பெயர்ந்துவிடும். மூன்றையும் பிடித்துவைத்தால் சுண்டுவிரல் பாதி வழியில் நின்றுவிடும்.

நான் குடியிருக்கும் மாடி வீட்டின் ஓனர் ஏழுமலை கீழே இருக்கிறார். ஒரு காலத்தில் இந்தத் தெருவே அவர்கள் குடும்பத்து நெல் வயல். இப்போது எட்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். தினமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் மோட்டார் போட மாடிக்கு வந்தபோது கதவருகே நின்று சொன்னார்: "இன்னாம்மா, பத்து நாளா ஒரே கம்பி மட்டும் அயுதுகினே கீது. அத்த மட்டும் கயட்டிப் போட்டா இன்னா?"

கோளாறு எங்கே

ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன கதையாக, நான் கிட்டாரைக் குறை சொன்னேன். மேற்குத் தாம்பரத்தில் கிட்டார் ரிப்பேர் செய்யும் பாபுவிடம் கொண்டுபோய், தந்தி ரொம்ப உயரமாக இருக்கிறது, இறக்கிக் கொடு என்றேன். அவர் அதை மடியில் வைத்து, அந்தக் கார்டையே பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது. கூலி வாங்கவில்லை. கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே, "கிட்டார்ல ஒண்ணும் இல்லக்கா. கோளாறு புடிக்கிற கையில கீது" என்றார்.

படப்பை பஸ்

ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, தாம்பரத்தில் படப்பை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். விழாவுக்கு மூன்று வாரம் பாக்கி. பக்கத்தில் ஒரே குடும்பத்துப் பெண்கள் நான்கு பேர், துணிக்கடைப் பைகளோடு. மூன்று பேர் நல்ல ஆகிருதி, ஒருத்தி மட்டும் ஒல்லி. பஸ் வந்ததும் அந்த மூன்று பேரும் அசையவே இல்லை. ஒல்லியானவள் மட்டும் கூட்டத்துக்குள் புகுந்து ஏறி, வரிசையாக இரண்டு சீட்டில் பையைப் போட்டு, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். மற்றவர்கள் நிதானமாக ஏறிப் போய் உட்கார்ந்தார்கள்.

கிட்டாரும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, அவர்களில் மூத்தவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். ஏன் அவளை மட்டும் அனுப்பினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "பெரியவங்க மொதல்ல ஏறினா அவளுக்கு எடம் கெடைக்காது மேடம். சின்னது மொதல்ல போய்ப் புடிச்சிட்டா, பெருசுங்க தன்னால வந்து குந்திக்கும்" என்றார்.

தெரிந்தும் சொல்லாதவர்

மணிமங்கலம் தாண்டும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக நான் பெரிய விரல்களை முதலில் ஏற்றிவிட்டு, கடைசியில் சின்னதை நெரிசலில் தள்ளிக்கொண்டிருந்தேன். படப்பையில் என் மாணவி கோமதி, ஹார்டுவேர் கடைக்காரம்மா. அவர் வீட்டில் நுழைந்ததும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கிட்டாரை எடுத்தேன். சுண்டுவிரலை முதலில் தடித்த தந்தியில் உட்காரவைத்தேன். பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துத் தட்டினேன். அழுகை இல்லை. அடியில் ஜி, மேலே ஏ மைனர், இரண்டும் சுத்தமாகக் கேட்டன. என் கண் கலங்கிவிட்டது, அதில் எனக்கு வெட்கம் இல்லை.

உடனே கோமதியிடம் ஒப்புக்கொண்டேன். மூன்று வருஷமாக உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இனிமேல் கோட்டுக்குக் கீழே இருக்கிறதையும் வாசிக்க வேண்டும் என்றேன். இதைச் சொன்னால் மரியாதை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. கோமதி காபியை என் முன்னால் நகர்த்தி வைத்தார். "எனக்கு அப்பவே தெரியும் மேடம், போன்ல வீடியோ பாத்துட்டேன். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றார்.

பொங்கல் விழா

மீதி மூன்று வாரமும் பிரகாஷுக்கும் அந்த இரண்டு பேருக்கும் 'சின்னது முதலில்' பாடம்தான். விழா அன்றைக்கு மாலை, கீழே கோலத்துக்கும் கரும்புக்கும் நடுவில் நான்கு நாற்காலி. நானூறு பேராவது இருந்திருப்பார்கள். இங்கே பிசகினால், தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லிக்கொடுத்தவள் என்று எனக்கே நான் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த இடம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் பதற்றத்தில் வெறும் ஏ மைனரிலேயே நின்றுவிட்டார்கள். பிரகாஷ் பிடித்தார். நானும் பிடித்தேன். ஏ என்று நின்ற அடிச்சுரம் ஜி என்று இறங்கியது, கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த இடம் பாட்டில் ஆறு முறை வரும், ஆறு முறையும் இறங்கியது. பெருமைப்பட்டேன். கல்யாண மேடைகளில் வாங்கிய கைதட்டல் எதுவும் இவ்வளவு சொந்தமாக எனக்குத் தோன்றியதில்லை. முடிந்ததும் அடுக்ககச் சங்கச் செயலாளர் நாற்காலிகளுக்குப் பின்னால் போய், ஸ்பீக்கர் பெட்டி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிரகாஷ் என் பக்கம் குனிந்து சிரித்தார்: "பேஸ் வாசிச்சவர் எங்கேன்னு தேடுறார் மேடம். நம்ம வீட்டு ஆள்தான்னு சொல்லிடட்டுமா?"

பதினான்கு வருஷம் அடுத்தவர் தலையில் கட்டிவிட்ட வேலையை நாற்பத்தோரு வயதில் என் கையிலேயே மிகச் சின்ன ஆளை விட்டுச் செய்துமுடித்தேன் என்பதுதான், விசிட்டிங் கார்டில் போட முடியாத என் ஒரே தகுதி.