கானுக்குள் ஒரு கால், காருக்குள் ஒரு கால்

பிள்ளைகளே, நான் ராகலையில் ஹயர் கார் ஓட்டிய காலத்துக் கதையை உங்கள் அம்மா பலமுறை சொல்லியிருப்பாள். சொல்லும்போதெல்லாம் இரண்டு இடத்தில் கூட்டிச் சொல்கிறாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகியிருக்கும். உங்களில் பெரியவன் அப்போது அம்மா வயிற்றில். பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி, ராகலைக்கும் நுவரெலியாவுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். காருக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது சட்டம். கோட்டுப் போட்ட ஏஜண்ட் ஒருவர் வந்தார். அவர் நீட்டிய பாரம் முழுக்க இங்கிலீஷ். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

"தேர்ட் பார்ட்டி கட்டாயம் இருக்கணும். மத்ததெல்லாம் ஒங்க விருப்பம்" என்றார்.

"கட்டாயத்த மட்டும் போடுங்க" என்று கையெழுத்து வைத்தேன்.

தேர்ட் என்றால் மூன்றாவது என்பது எனக்குத் தெரியும். அதுதான் வினை. ஒன்றுமே தெரியாதிருந்தால் வாய் திறந்து கேட்டிருப்பேன். ஓட்டுகிற நான் முதல் ஆள், பக்கத்தில் இருப்பவர் இரண்டாவது, என் முதுகுக்குப் பின்னால் இருப்பவர் மூன்றாவது. ஆகவே அடிபட்டால் அந்த இருக்கையில் இருப்பவருக்குத்தான் கம்பனி பணம் தரும் என்று முடிவுகட்டினேன். இதை மறைப்பது பாவம் என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

அன்றிலிருந்து காரில் சண்டை. நான் கதவைத் திறக்குமுன் மூன்று பேர் அந்த ஒரு இடத்துக்குப் பாய்வார்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணே, ஒருத்தன் மடியில இன்னொருத்தன் ஒக்காந்தா காசு மேல இருக்கிறவனுக்கா, கீழ இருக்கிறவனுக்கா?" இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசியில் வென்றது பஜாரில் கோவா, லீக்ஸ் என்று காய்கறி விற்கிற கடைக்காரம்மா. திங்கட்கிழமை தோறும் நுவரெலியாவுக்குப் போவார். "வேற எவனாச்சும் இதுல ஒக்காந்தான்னா, இன்சூரன்ஸ் அங்கயே தேவப்படும்" என்று சொல்லிவிட்டார். அவருடைய உடம்பைப் பார்த்தவர்கள் தாமாகவே மற்ற இடங்களுக்கு நகர்ந்துகொண்டார்கள்.

உங்கள் அம்மா மட்டும் ஒரு நாள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மூணாவது ஆளு சரி. மொத ஆளுக்கு என்ன தருவாங்க?"

"மொத ஆளு நான்தான்."

"அதத்தாங்க கேக்குறேன். நீங்க கைய கால ஒடச்சுக்கிட்டா நானும் வயித்துல உள்ளதும் என்னத்தத் திங்கிறது? ஸ்டியரிங்கையா?"

ஏஜண்ட் அடுத்த முறை பஜாருக்கு வந்தபோது அவளே கூடவந்து கேட்டாள். என் மூன்றாவது இருக்கைக் கதையைக் கேட்டு மனிதர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க ஒரு பார்ட்டி, கம்பனி ஒரு பார்ட்டி. ஒங்க கார் மோதி அடிபடுற வெளியாளுதான் மூணாவது பார்ட்டி" என்றார்.

"அப்ப உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே இல்லியா? பத்திரமா போகணும்னா எறங்கி நடக்கணுமா?" என்றாள் உங்கள் அம்மா.

"அதுக்குத்தாம்மா விருப்பம்னு ஒண்ணு இருக்கு. கூடக் கொஞ்சம் கட்டினா டிரைவருக்கும் உண்டு, உள்ள இருக்கிறவங்களுக்கும் உண்டு." ஏஜண்ட் பாரத்தைத் தமிழாக்கிப் படித்தார். காரில் போகும்போதோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு. வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாரப் பணம். வலது கை போனால் இவ்வளவு, இடது கை போனால் அதில் கொஞ்சம் குறைவு, கண் போனால் இவ்வளவு.

உங்கள் அம்மா கறிக்கடையில் நிற்கிறவள் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வலது கைக்குக் கூட, இடது கைக்குக் கொறச்சலா? இவரு இடது கைக்காரருங்க. மாத்திப் போடுங்க."

ஏஜண்ட் பேனாவை மூடிவிட்டு, கம்பனியின் கொழும்புக் கந்தோருக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். காருக்குப் புது ஹோர்ன் வாங்க வைத்திருந்த பணம் அவர் கைக்குப் போனது. அதன் பிறகு வளைவுகளில் நான்தான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

உண்மை தெரிந்த பிறகும் கடைக்காரம்மா அந்த இருக்கையை விடவில்லை. "பழகிப்போச்சு" என்றார். அவருக்காகத்தான் ஒரு மழை நாளில் காரை வலப்பக்கம் கடையோடு ஒட்டி நிறுத்தினேன். கடை வாசலுக்கு முன்னால் ஓடும் கானை, அதாவது தண்ணீர் போகும் வாய்க்காலை, ஒரு கல் பலகை மூடியிருந்தது. பின்கதவு பலகைக்கு நேராக நின்றது. முன்கதவு திறந்த கானுக்கு நேராக நின்றது. அவருக்குக் கதவு திறந்துவிட மரியாதையாக வலது காலைக் கீழே வைத்தேன். கீழே தரை இல்லை.

கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் எழும்பக் கூடாது என்றார் டொக்டர். உங்கள் அம்மாவுக்கோ மாதம் நெருங்கிவிட்டது. வீட்டில் இருந்த அரிசி பத்து நாளைக்குக்கூடக் காணாது. ஏஜண்ட் வந்து கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்.

"கார்லயா இருந்தீங்க, கீழயா இருந்தீங்க?"

உள்ளே இருந்தேன் என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லி வாங்கும் சோறு செரிக்குமா என்று பயம்.

"இடது கால் உள்ள இருந்துச்சு. வலது கால் கானுக்குள்ள இருந்துச்சு."

"ஒடஞ்சது?"

"கானுக்குள்ள இருந்ததுங்க."

அவர் முகம் சுருங்கியது. "கால் கீழ போயிட்டா எறங்கியாச்சுன்னுதானே அர்த்தம்? எறங்கினதுக்கு அப்புறம் பட்ட அடிக்கு இல்லியே."

"ஒத்தக் கால்ல யாருங்க எறங்கி முடிப்பாங்க?" என்றாள் உங்கள் அம்மா. "ரெண்டாவது கால் வர்ற வரைக்கும் எறங்கிக்கிட்டுத்தான் இருக்காரு. எறங்கும்போதுன்னு நீங்கதானே படிச்சீங்க?"

ஏஜண்ட் பாரத்தை எடுத்து அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும் என்றார். கடைக்காரம்மாவுக்கு ஆள் அனுப்பினோம்.

"ஒரு காலு உள்ள, ஒரு காலு கானுல, ஒரு கை கதவுல. வாய் மட்டும் பஜார் முழுக்கக் கேட்டுச்சு" என்று சொல்லிப் பெருவிரல் ரேகை வைத்தார். வைத்துவிட்டு, "இவரு ஒரு பார்ட்டி, கம்பனி ஒரு பார்ட்டி. அப்ப நான் யாருங்க?" என்று கேட்டார்.

ஏஜண்ட் மையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க மூணாவது பார்ட்டிதாம்மா" என்றார்.

'அப்ப அந்த எடம் எனக்குத்தானே' என்று கேட்பதுபோல் கடைக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

வாரப் பணம் வந்தது. ஐந்தாவது வாரம் பெரியவன் பிறந்தான். பெரியவனே, நீ பிறந்த வாரம் உன் அம்மா சாப்பிட்ட சோறு அந்தக் கானுக்குள்ளிருந்து வந்தது. தம்பி தங்கச்சிகள் உன்னைக் கேலி செய்தால் நான் பொறுப்பில்லை.