பச்சை கொஞ்சம், சிவப்பு நிறைய

அறையில் இருந்தவர்கள்: எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டர். ஒப்பந்த வேலையில் இருக்கும் மாலதி. ஏ.சி. பார்க்கும் நான். அப்புறம், பதினாறு ப்ராசஸர் வைத்த சூப்பர் கம்ப்யூட்டர். ஏ.சி. அதற்குத்தான். எங்களுக்கு இல்லை.

போன செவ்வாய், அடையாறு.

கடல் அலைக் கணக்கு ஒன்று. ஒரே ப்ராசஸரில் ஓட்டினால் நாற்பது நிமிடம். மாலதி அதைப் பதினாறுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு நிமிடம்!

"பதினாறு சேர்ந்தா லேட்டாகுமா? மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லேன்னா மாசக் கடைசியோட உன் கான்ட்ராக்ட் முடிஞ்சுது" என்றார் டைரக்டர். மாடிக்குப் போய்விட்டார்.

மாலதி மேனுவலை எடுத்தார். எந்த ப்ராசஸர் எப்போது என்ன செய்கிறது என்று படம் போட்டுக் காட்ட ஒரு ப்ரோகிராம் இருக்கிறதாம். இரண்டு மணி நேரம் படித்தார்... படம் வந்தது. ஆளுக்கொரு கோடு. வேலை செய்தால் பச்சை. காத்திருந்தால் சிவப்பு.

திரை முழுக்கச் சிவப்பு.

"இன்னாம்மா, ஒருத்தனும் வேலை செய்யல போலக்கீதே?"

"செய்றாங்கண்ணே. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் முதல் ப்ராசஸர்கிட்ட 'முடிச்சுட்டேன்'னு சொல்லணும். அது எழுதிக்கிட்டு 'சரி'ங்கற வரைக்கும் சும்மா நிக்கணும்."

"எவன் வெச்ச ரூலு?"

மாலதி கண்ணால் மாடியைக் காட்டினார். ரிப்போர்ட் கொடுக்காமல் எதுவும் நகரக் கூடாது — டைரக்டர் போட்ட சட்டம். மனுஷனுக்கு மட்டும் இல்லை போல.

நமக்கு இது புதிதா என்ன? வேலை செய்யும் நேரத்தைவிட, செய்தேன் என்று சொல்ல நிற்கும் நேரம்தானே ஜாஸ்தி!

மாலதி ப்ரோகிராமில் ரிப்போர்ட் கேட்கும் வரிகளை எடுத்துவிட்டு ஓட்டினார். நாலே நிமிடம்.

டைரக்டர் இறங்கி வந்து பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"நீங்கதானே சார் காரணம் கேட்டீங்க?"

"காரணம்தான் கேட்டேன். எடுக்கச் சொன்னேனா?"

வரிகள் திரும்பப் போடப்பட்டன. அவற்றை எடுக்க அனுமதி கேட்டு ஒரு ஃபைல் கிளம்பியது. அனுமதி வந்தால் எடுக்க ஆள் வேண்டுமே? ஃபைல் திரும்பும் வரை மாலதிக்கு வேலை நீட்டிப்பு.

நேற்று மாலதி கேட்டார். "அண்ணே, ஃபைல் எங்க இருக்கு?"

"தி.நகர் ஆபீஸ்ல தூங்கிகினு கீதும்மா. போய் கேக்கட்டா?"

"ஐயோ, எழுப்பிடாதீங்க!"

வேண்டிய கையெழுத்து பதினொன்று. ஆனது இரண்டு.